கோர்ட்டின் கொல்லைப்புறம்

எங்கள் தாலுகாவின் முன்சீப் கோர்ட்டுக் கட்டடத்தை எனக்கு மேலிருந்து தெரியும். மழைக்கு ஒழுகுகிறது என்று அதன் தளத்தைக் கொத்தி எடுத்து மறுபடி போட்டபோது, கொத்தனாராக இரண்டு மாதம் அதன் தலைமேல் உட்கார்ந்து வேலை பார்த்தேன். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் பார்க்காத இடங்களையெல்லாம் அப்போது பார்த்தேன். தேக்கு உத்திரங்கள் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறையாத கனம். அவற்றின் மேல் நெருக்கமாகச் சட்டங்கள். சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சாய்ந்த வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடப்பாரையால் குத்தினால் கை அதிர்ந்ததே தவிர, தளம் அசையவில்லை. தளத்தில் பழுது இல்லை, பழுது தூணில் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

முன்வராந்தாவில் பன்னிரண்டு இரும்புத் தூண்கள். வெளியே பார்த்தால் தென்னை மட்டை விரிந்த மாதிரி தலையில் பூவேலை. உள்ளே வெறும் கூடு. கூரையில் விழுகிற மழை அந்தத் தூண்களுக்குள் இறங்கி, அடியில் சாக்கடைக்குப் போகிற மாதிரி செய்திருந்தார்கள். குழாய் என்று தனியாக ஒன்று கிடையாது. நூறு வருஷத்துப் புறா இறகும் இலைச் சருகும் தூணுக்குள் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் மேலே தேங்கி நின்றது. தூணின் அடியில் இங்கிலீஷ் எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. வேலையை மேற்பார்த்த ஓவர்சியர் குனிந்து படித்துவிட்டு, "ஸ்காட்லாந்து" என்றார். கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்திருக்கும் என்றார். கட்டடத்துக்குப் படம் வரைந்தவனும் அந்த ஊர்க்காரன்தானாம். தன் ஊர் கோர்ட்டை மனசில் வைத்துக்கொண்டு இங்கே கட்டிவிட்டான் என்று அவர் சொல்வார்.

அதற்கு ஒரு அத்தாட்சியும் காட்டினார். ஜட்ஜின் அறைக்கு மேல் ஒரு புகைபோக்கி இருந்தது. கீழே அறையில் குளிர் காய்கிற கணப்பு. நான் எட்டிப் பார்த்தேன். கரி ஒரு பொட்டுகூட இல்லை. காக்கை கட்டிய கூட்டுக் கம்பிகள்தான் கிடந்தன.

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க?"

"வரைஞ்சவனுக்குக் குளிரு விட்டுப்போகல, அவ்வளவுதான்" என்று சிரித்தார் ஓவர்சியர். "வழியெல்லாம் பாத்தியா? ஜட்ஜுக்கு ஒண்ணு, கைதிக்கு ஒண்ணு, சனங்களுக்கு ஒண்ணு. ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கக் கூடாதுன்னு கட்டியிருக்கான். சுவரு ரெண்டரை அடி. முன்னாடி வெடி போட்டாலும் பின்னாடி கேக்காது. நீ இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கியா?"

"இல்லீங்க" என்றேன்.

பொய். அதற்குப் பல வருஷம் முன்னால், நாங்கள் உழுத ஏழு மா நிலம் அந்தக் கட்டடத்தில்தான் போயிற்று. எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. எங்களுக்கு இருந்தது அவ்வளவும் அதுதான். அதுவும் எங்களுடையது இல்லை. மிராசுதாருடையது. என் தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதோம். அறுத்துக் களத்தில் அளந்து, அவர் பங்கைப் பெரிய வீட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டோம். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் யாரும் கொடுத்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. உழுகிறவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அவனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. எங்கள் தெருமுனையில் மாதம் ஒரு கூட்டம் நடந்தது. துண்டை இடுப்பில் கட்டாதே, தோளில் போடு என்று மேடையில் பேசினார்கள். எனக்கு இருபத்துமூன்று வயது. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். தோளில் துண்டு போட்டுக்கொண்டேன். பெரிய வீடு இருக்கும் தெரு வந்ததும் அது தானாக இறங்கி அக்குளுக்குள் போய்விடும். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "உன் துண்டுக்கு வழி நல்லாத் தெரியுதுடா."

சட்டம் வந்ததும் மிராசுதார்கள் முந்திக்கொண்டார்கள். அப்பா குத்தகைக்காரர் இல்லை, வெறும் பண்ணையாள், நிலம் தன் சொந்தச் சாகுபடி, அதை விட்டு அவர் வெளியேற வேண்டும் என்று எங்கள் மிராசுதார் வழக்குப் போட்டார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் நோட்டீசை எழுத்துக் கூட்டிப் படித்தது நான்தான். ஊர்க் கணக்குப்பிள்ளையின் புத்தகத்தில் மிராசுதார் பெயர்தான் இருந்தது. பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் அதே வீட்டுக் குத்தகை. சாட்சிக்கு வாருங்கள் என்றால், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போனார்கள்.

விவசாயிகள் சங்கத்துக்காரர் ஒருவர் எங்களுக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்தார். வக்கீல் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காகிதம் ஒண்ணும் இல்ல. உங்கப்பா கூண்டுல ஏறி, நான்தான் உழுதேன், இந்த வருஷம் இவ்வளவு அளந்தேன்னு சொல்லணும். அது ஒண்ணுதான் நமக்கு இருக்கு" என்றார்.

மூன்று வாய்தா போயிற்று. அதற்கெல்லாம் நாங்கள் போகத் தேவையில்லை என்று வக்கீலே பார்த்துக்கொண்டார். நாலாவது வாய்தாவுக்கு அப்பாவை விசாரிக்க வேண்டும், இனிமேல் தள்ளிவைக்க மாட்டேன் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். வக்கீலின் குமாஸ்தா எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "பத்து மணிக்கு வந்து நில்லுங்க. பேரைக் கூப்பிடுவாங்க."

அப்பாவுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்து நிற்பதும், பேரைக் கூப்பிடுவதும் அவருக்குப் புதிதா என்ன?

ஆற்றங்கரையோடு நடந்துபோனோம். அந்த வழியில் போனால் கோர்ட்டின் பின்பக்கம்தான் முதலில் வரும். முன்பக்கம் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பின்பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரு சார்ப்பு. ராட்டினம் போட்ட கிணறு. துவைகல். ஆறேழு படி, அதற்கு மேல் ஒற்றைக் கதவு, சாத்தியிருந்தது. மிராசுதார் வீட்டுக் கொல்லையை அப்படியே பெரிதாக்கி வைத்த மாதிரி இருந்தது. அப்பா கிணற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"இந்தப் பக்கந்தான்" என்றார்.

பெரிய வீட்டில் எங்கள் ஆட்கள் முன்வாசலுக்குப் போனதில்லை. கொல்லைப்புறமாகப் போய்க் கிணற்றடியில் நிற்க வேண்டும். வந்திருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினால், உள்ளே கூடத்தில் நம் பெயர் அடிபடும். மிராசுதார் காரியக்காரரிடம் நம் பெயரைச் சொல்லி ஏதோ கேட்பார். பெயர் காதில் விழுந்ததும் எழுந்து, முகத்தைத் துடைத்து, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு படிக்குக் கீழே நிற்க வேண்டும். காரியக்காரர் கதவைத் திறந்து "வா" என்று சொல்லும்வரை நிற்க வேண்டும். அது கால் நாழிகையும் ஆகும், ஒரு பகலும் ஆகும். பெயர் கேட்டதும் தானாகப் படியேறினவர்களும் ஊரில் உண்டு. மறு வருஷம் அவர்களுக்குக் குத்தகை இல்லை.

கிணற்றடியில் உட்கார்ந்தோம். அப்பா தான் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வருஷம் எவ்வளவு கலம் அளந்தார், எந்த வருஷம் வெள்ளத்தில் போயிற்று என்று அவருக்கு வரிசையாக நினைவிருந்தது. வெள்ளம் வந்த வருஷத்தைச் சொல்லும்போது மட்டும் விரல் மடக்குவதை நிறுத்திக்கொள்வார்.

ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

சுவர் ஓரமாகவே போனேன். அது முடிகிற இடத்தில் வராந்தாவின் கடைசி இரும்புத் தூண். அதன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கோர்ட்டின் முகத்தை முதல் முதலாகப் பார்த்தேன். நடுவில் வண்டி வந்து நிற்கிற மண்டபம், அதற்கு நாலு பருத்த வெள்ளைத் தூண்கள், தூண்களின் மேல் முக்கோணமாக ஒரு முகப்பு. மண்டபத்தில் இரண்டு கார்கள். படியெங்கும் கறுப்புக் கோட்டுகள். மிராசுதாரின் காரியக்காரர் வெள்ளைத் தூணில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் போட்ட டவாலி மேல்படிக்கு வந்தார். ரோட்டைப் பார்த்து, தாத்தா பெயரையும் சேர்த்து, அப்பாவின் பெயரை நீட்டிக் கூப்பிட்டார். அத்தனை பெரிய குரலில் அப்பாவின் பெயரை நான் கேட்டதில்லை. படியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். காரியக்காரரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

எனக்கும் டவாலிக்கும் நடுவில் இருபது அடி இருக்கும். கையைத் தூக்கி, "இருக்காருங்க" என்று சொல்லியிருந்தால் போதும். அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பும் என்று நினைத்ததும் தூணுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. பெயரைக் கூப்பிட்டால் ஆள் வந்து அழைப்பார்கள் என்பது எனக்குள்ளும் இருந்தது. கூட்டத்தில் எத்தனை கைதட்டியிருந்தாலும் அது உள்ளேதான் இருந்தது. திரும்பி ஓடினேன்.

"பேரு சொல்லியாச்சுப்பா."

"யாரு வர்றா?"

"வருவாங்க."

அப்பா கிணற்றில் ஒரு வாளி இறைத்து முகம் கழுவினார். தலைத்துண்டை அவிழ்த்துத் துடைத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டார். சாத்திய கதவைப் பார்த்துப் படிக்குக் கீழே நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என் துண்டும் தோளில் இல்லை.

ஒரு ஆளை மூன்று தரம் கூப்பிடுவார்களாம். மற்ற இரண்டும் எங்கள் காதுக்கு வரவில்லை.

நடுவில் ஒரு தரம் கதவு திறந்தது. அப்பா ஒரு படி ஏறினார். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தேத்தண்ணிச் சக்கையைக் கொட்ட வந்திருந்தார். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லன்னா ஏன் இப்படி வழியில நிக்கிற?"

அப்பா ஏறிய படியை இறங்கினார். கதவு சாத்திக்கொண்டது. சார்ப்பின் நிழல் எங்கள் காலைத் தொட்டு, தாண்டி, கிணறு வரை போயிற்று. நாங்கள் உட்காரவில்லை. பெயர் சொன்ன பிறகு உட்காரக் கூடாது.

சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ வந்த குமாஸ்தாதான் எங்களைப் பார்த்தார். சோற்றுக்கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க என்னய்யா பண்றீங்க ரெண்டு பேரும்? உங்களைத் தேடாத இடமில்ல. டீக்கடை, பஸ் ஸ்டாண்டெல்லாம் பாத்துட்டு வந்தேன்!"

"பேரு கூப்பிட்டாங்கன்னு நிக்கிறோங்க" என்றார் அப்பா.

"எப்பக் கூப்பிட்டது, எப்ப நிக்கிறீங்க? கூப்பிட்டா ஓடி வர வேணாமா? ஆள் வரலன்னு தீர்ப்பைச் சொல்லிட்டாரு. அவங்க பக்கம் ஆயிப்போச்சு."

அப்பா சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைக் கேக்காமயா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஓடி வந்து, "என்ன கேட்டாங்க?" என்றாள். அப்பா, "ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார். அன்று சாயந்தரமே சங்கத்துக்காரர் வந்தார். அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, மேடைக்கு முன்னாடி உக்காந்து அந்தக் கத்து கத்துவியே. அங்க வாயில என்ன வச்சிருந்த?"

நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டதை அவரிடமும் சொல்லவில்லை. கூப்பிட்டது சுவரைத் தாண்டிக் கொல்லைக்கு அரைகுறையாகக் கேட்டது என்று சங்கத்துக்காரர் நினைத்துக்கொண்டார்.

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி ஒரு மனு போடலாம் என்றார் வக்கீல். அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். கொல்லைப்புறத்தில் நின்றோம் என்று எழுதினால் சிரிப்பார்கள். அப்பாவுக்கு அன்று ஜுரம் என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். குமாஸ்தா அப்பாவை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கினார்.

"எத்தனை நாள் ஜுரம்?"

"மூணு நாளுங்க."

"என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

"கஷாயங்க."

"எங்க படுத்திருந்தீங்க?"

"வீட்டுலங்க."

வீட்டிலும் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "இப்படியே சொல்லிக்கிட்டிருந்தா நெசமாவே ஜுரம் வந்துடும்" என்று அம்மா அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்துச் சிரித்தாள். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் சிரித்தது எனக்கு அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

ஆடி மாதம் மனு விசாரணைக்கு வந்தது. இந்தத் தடவை குமாஸ்தாவே எங்களை முன்வழியாகக் கூட்டிப்போனார். அப்பா மண்டபத்தின் படியில் ஓரமாகவே ஏறினார், நடுவில் கால் வைக்கவில்லை. உள்ளே கூடம் நான் பார்த்த எந்தக் கோயில் மண்டபத்தையும்விட உயரம். ஜன்னல்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல். வெளிச்சம் அங்கிருந்து சாய்வாக இறங்கி, மேடையில் இருந்த ஜட்ஜின் மேசையில் மட்டும் விழுந்தது. சாட்சிக்கூண்டு அதற்கு இந்தப் பக்கம், இருட்டில். கூண்டில் ஏறினவன் அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டும். பேசின பேச்சு நேரே போகாது. மேலே போய், உத்திரத்தில் சுற்றிவிட்டு, கலங்கலாகத் திரும்பி வரும். அதற்குப் பழகின வக்கீல்கள் விட்டு விட்டுப் பேசினார்கள்.

நான் பக்கக் கதவுக்கு அருகில், ஆட்களுக்குப் பின்னால் நின்றேன். அப்பா பிரமாணம் எடுத்தார். எங்கள் வக்கீல் கேட்டதற்கு எல்லாம் பழக்கினபடி சொன்னார். மிராசுதாரின் வக்கீல் எழுந்தார். வயதானவர், அவசரமே இல்லை.

"மூணு நாளும் எழுந்திருக்க முடியாத ஜுரம். இல்லீங்களா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு எங்க படுத்திருந்தீங்க?"

அப்பா வாயைத் திறந்தார். கஷாயம் வரை சொல்லிவிட்டவருக்கு இது வரவில்லை. அண்ணாந்து ஜட்ஜைப் பார்த்தார். அந்த வருஷம் இவ்வளவு கலம், அந்த வருஷம் வெள்ளம் என்று உள்ளதைச் சொல்வதற்காகத்தான் அவர் அந்த இடத்துக்கு வரக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"படுக்கலீங்க" என்றார். "இங்கதான் நின்னேன்."

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் ஜட்ஜ்.

"இங்கதான் நின்னேங்க. கொல்லையில."

கூடத்தில் சிரிப்பு எழுந்து உத்திரத்தில் சுற்றியது.

"கோர்ட்டுக்கு ஏதுய்யா கொல்லை?" என்றார் வயதான வக்கீல். மறுபடியும் சிரிப்பு. எங்கள் வக்கீல் கட்டை மடித்து வைத்துவிட்டார்.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. சின்ன வயசுக்காரர். பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தானே கேட்டார்.

"பெயர் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுதா?"

"எனக்குக் கேக்கலீங்க. எம் மவன் கேட்டுட்டு வந்து சொன்னான்."

"சொன்ன பிறகு ஏன் வரல?"

"ஆள் வந்து கூப்பிடுவாங்கன்னு நின்னோமுங்க. கூப்பிடாம எப்படிங்க உள்ள வர்றது?"

இந்தத் தடவை சிரிப்பு அவ்வளவாக இல்லை. ஜட்ஜ் மனுவை எடுத்துப் பார்த்தார்.

"ஜுரம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இப்ப வேற சொல்றீங்க. நான் எதை நம்பறது? உங்க மகன் வந்து சொன்னா சரி. மகன் வந்திருக்காரா?"

அப்பா திரும்பினார். கூட்டத்தில் தேடவில்லை. நான் நிற்கும் இடம் அவருக்குத் தெரியும். நேராக என்னைப் பார்த்தார். நான் செய்ய வேண்டியது முன்னால் இருந்த ஆளை விலக்கிவிட்டு ஒரு அடி எடுத்து வைப்பது. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக்கூட கை எழவில்லை. அவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு ஜட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வரலீங்க" என்றார். "வயலுக்குப் போயிருக்கான்."

ஜுரம் என்று ஒரு பொய்யை முழுதாகச் சொல்ல முடியாமல் நிலத்தை விட்ட மனுஷர், அந்த ஒரு பொய்யை மட்டும் தடுமாறாமல் சொன்னார்.

மனு அடுத்த வாரம் தள்ளுபடியாயிற்று. விசாரணை நடந்த அன்று நாங்கள் திரும்பியது அதே ஆற்றங்கரை வழியில். ஒரு மதகுக்கிட்ட அவர் பீடி பற்றவைக்க நின்றபோது நான் சொன்னேன்.

"நான் உள்ளேதான்ப்பா இருந்தேன்."

"தெரியும்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"உன் மூஞ்சியப் பாத்தேன்டா" என்றார். "கூண்டுல ஏத்தினா அங்கயே விழுந்துடுவ போல இருந்துச்சு. அத்தனை பேரு நடுவுல நீ விழறத நான் பாக்கணுமா?"

பீடி பற்றிக்கொண்டது. நடந்தார். அதற்காக ஏழு மாவையா என்று நான் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் இருந்த காலம் வரைக்கும் கேட்கவில்லை.

ஆவணியில் நிலத்தை மிராசுதாரிடம் ஒப்படைக்கக் கோர்ட்டு அமீனா வரப்போவதாகத் தகவல் வந்தது. பக்கத்து ஊரில் அப்படி வந்தபோது சங்கத்துக்காரர்கள் வரப்பில் படுத்து மறித்து, போலீஸ் வந்து, ஆறு பேருக்கு மண்டை உடைந்திருந்தது. எங்கள் ஊரிலும் மறிக்கலாம், நாற்பது பேர் வருவார்கள் என்றார் சங்கத்துக்காரர். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"கூப்பிட்டப்ப நான் போகல. அதுக்கு ஊரு ஏன் அடி வாங்கணும்?" என்றார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

வயல் அப்போது உழுது சேறடித்துக் கிடந்தது. நாற்று இருபத்தைந்து நாள். இன்னும் ஒரு வாரத்தில் பிடுங்கி நட வேண்டும். அமீனா வந்த அன்றைக்கு வாய்க்காலில் எங்கள் முறை. அப்பா விடியும்போதே போய் மடையைத் திறந்துவிட்டிருந்தார். ஒன்பது மணிவாக்கில் அமீனா குடை பிடித்துக்கொண்டு வந்தார். கூடவே காரியக்காரர், தமுக்கு அடிக்கிறவர், தலையாரி. அமீனா காகிதத்தைப் படித்தார். நாலு மூலையிலும் தமுக்கு அடித்தார்கள். கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

"சரி, மேல ஏறு" என்றார் காரியக்காரர்.

அப்பா சேற்றில் முழங்கால் அளவு நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி பாயுதுங்க. கீழ் மூலை இன்னும் ரெண்டு மா ஏறல. முறை இன்னிக்கு விட்டா அடுத்த வாரந்தான். அதுக்குள்ள வெடிச்சுப்போயிடும்."

"அதெல்லாம் எங்க ஆளு பாத்துப்பான். நீ ஏறு."

"உங்க ஆளு வர வரைக்கும் தண்ணி நிக்காதுங்களே. நிறையட்டும். ஏறிடறேன்."

காரியக்காரர் அமீனாவைப் பார்த்தார். அமீனா வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். எங்கோ ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பமாம் அவர். குடையை மடக்கி வரப்பில் ஊன்றிக்கொண்டு, "இருக்கட்டுங்க. வயல் காஞ்சா நாளைக்கு உங்களுக்குத்தானே நட்டம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நாங்கள் எல்லாரும் வரப்பில் காத்திருந்தோம். தமுக்குக்காரர் தமுக்கைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அப்பா மட்டும் வயலுக்குள். மேட்டில் தேங்கின தண்ணீரை மண்வெட்டியால் வாய் வெட்டிக் கீழ்ப்பக்கம் இழுத்துவிட்டார். நண்டு வளை ஒன்று ஒழுகியது. அதை அடைத்து மிதித்தார். வேறு ஒருவருக்குப் பாய்ச்சுகிறோம் என்பதற்காக வேலையில் ஒரு இம்மியும் குறைக்கவில்லை. நான் இறங்கி ஒத்தாசை செய்யலாமா என்று நினைத்தேன். இறங்கினால் ஒப்படைத்த நிலத்தில் நுழைந்ததாகிவிடுமோ என்று காரியக்காரர் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் கீழ் மூலையிலும் தண்ணீர் வரப்பைத் தொட்டது. அப்பா மடைக்குப் போனார். சேற்றை இரண்டு கையாலும் அள்ளி, அறைந்து, காலால் மிதித்து அடைத்தார். கசிகிறதா என்று குனிந்து பார்த்தார். கசியவில்லை. வாய்க்கால் தண்ணீரில் கையையும் காலையும் மண்வெட்டியையும் அலம்பினார்.

"அடுத்த முறை வெள்ளிக்கிழமைங்க" என்று காரியக்காரரிடம் சொன்னார். "விடியறதுக்குள்ள ஆளை அனுப்பிடுங்க. லேட்டானா மேல் வயக்காரன் திருப்பிக்குவான்."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு மேல் நடந்தார். நான் பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனேன்.